வெளிநாட்டு சர்வைவல் கோர்ஸ்: பணம் கட்டறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு



வண்ணாரப்பேட்டையிலிருந்து நம்ம சேனல் பார்க்கிற தம்பி ஒருத்தர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வயசு 26. திருவொற்றியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கைக்கு வர்ற சம்பளம் 32,000 ரூபாய். அமெரிக்காவில் பாலைவனப் பகுதியில் நடக்கும் ஒரு வார சர்வைவல் கோர்ஸில் சேர ஆசை. கட்டணம் 1,500 டாலர். அதை முடிச்சிட்டு வந்தா, இங்க பசங்களுக்கு கேம்ப் நடத்திச் சம்பாதிக்கலாம்னு திட்டம். "பர்சனல் லோன் போடலாமா, இல்ல அம்மாவோட நகையை வைக்கலாமா? எதுல வட்டி கம்மி அண்ணா?" இதுதான் கேள்வி.

வட்டி எதில் கம்மி என்பது இரண்டாவது கேள்வி. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்குது என்பதுதான் முதல் கேள்வி. இந்தப் பதிவில் அதைத்தான் பார்க்கப் போறோம். வெளிநாட்டில் எந்தக் குறுகிய காலப் பயிற்சிக்குப் போறதா இருந்தாலும் இந்தக் கணக்கு உதவும்.

1. நீங்க வாங்கறது அனுபவமா, திறமையா, சான்றிதழா?

எம்.சி. ரோட்டில் துணி எடுக்கும்போது விலையைக் கேட்கறதுக்கு முன்னாடியே துணியைத் திருப்பிப் பார்க்கிறோம். கோர்ஸையும் அப்படிப் பார்க்கணும். சர்வைவல் கோர்ஸ் என்ற ஒரே பெயரில் மூணு வேற வேற பொருள் விற்பனையாகுது.

முதல் வகை, அனுபவம். 2020-ல் பேர் கிரில்ஸ்கூட ரஜினி சார் பந்திப்பூர் காட்டுக்குள்ள போன நிகழ்ச்சியைப் பார்த்திருப்பீங்க. அதைப் பார்த்து வர்ற ஆசைக்கு விற்கிற பொருள் இது. தவறே இல்லை. ஆனா இது சுற்றுலாச் செலவு. சுற்றுலாவுக்குக் கடன் வாங்கக் கூடாது.

இரண்டாவது வகை, திறமை. தண்ணீர் தேடறது, நெருப்பு மூட்டறது, திசை கண்டுபிடிக்கிறது, காயத்துக்கு முதலுதவி செய்யறது. இதில் பேர் பெற்ற பள்ளிகள் உண்டு. அமெரிக்காவில் 1965-ல் ஆரம்பிச்ச நோல்ஸ், யூட்டா மாநிலத்தில் 1968-லிருந்து நடக்கும் பவுல்டர் அவுட்டோர் சர்வைவல் ஸ்கூல், பிரிட்டனில் ரே மியர்ஸ் 1983-ல் தொடங்கின உட்லோர் எல்லாம் அந்த வரிசை. நல்ல பள்ளியில் படிச்சா திறமை வரும். ஆனா அந்தத் திறமையை இங்க எங்க பயன்படுத்தப் போறீங்க என்பது தனிக் கேள்வி. அதை 6-வது பகுதியில் பார்ப்போம்.

மூன்றாவது வகை, வேலைக்கான சான்றிதழ். இங்கதான் நிறையப் பேர் குழம்பறாங்க. ஒரு வாரக் கோர்ஸ் முடிச்சதும் கொடுக்கிற பேப்பர் பெரும்பாலும் 'இவர் கலந்துகொண்டார்' என்ற அத்தாட்சி மட்டும்தான். இந்தியாவில் கேம்ப் நடத்த அது அனுமதிச் சீட்டு ஆகாது. தம்பியோட வருமானத் திட்டமே அந்தப் பேப்பரை நம்பித்தான் இருக்கு. அதனால பள்ளிக்கு ஒரு மெயில் போட்டு இந்த ஒரு கேள்வியைக் கேளுங்க: "இந்தச் சான்றிதழை வச்சு மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்க முடியுமா?" பதில் எழுத்தில் வரட்டும்.

2. கட்டணம் வேற, செலவு வேற

விளம்பரத்தில் 1,500 டாலர். கணக்கு சுலபமா இருக்க ஒரு டாலர் 90 ரூபாய்னு வச்சுக்குவோம். டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் நான் உத்தேசமாப் போட்டிருக்கேன். நீங்க போகும் தேதிக்கு ஏற்ப மாத்திக்குங்க.

- கோர்ஸ் கட்டணம்: ரூ.1,35,000
- கார்டில் கட்டினால் அன்னியச் செலாவணி மார்க்கப் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி: ரூ.5,575
- சென்னை–அமெரிக்கா போக வர விமான டிக்கெட்: ரூ.1,20,000
- விசா கட்டணம் 185 டாலர்: ரூ.16,650
- ஷூ, ஸ்லீப்பிங் பேக், மழைக்கோட்டு மாதிரி சாமான்கள்: ரூ.35,000
- டிராவல் இன்சூரன்ஸ்: ரூ.5,000
- கோர்ஸுக்கு முன்னும் பின்னும் தங்க, சாப்பிட, ஏர்போர்ட்டிலிருந்து பயிற்சி இடத்துக்குப் போக: ரூ.40,000
- 12 நாள் சம்பளம் இல்லாத லீவு: ரூ.12,800

மொத்தம் ரூ.3,70,025. விளம்பரத்தில் பார்த்த தொகை இதில் மூணில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஏழு நாள் பயிற்சிக்கு வகுத்தா ஒரு நாளைக்குச் சுமார் 53,000 ரூபாய். ஒரு நாள் பயிற்சிக்கு ஒன்றரை மாசச் சம்பளத்துக்கு மேல போகுது.

இதில் விசா கட்டணம் திரும்ப வராது. விசா மறுத்தாலும் வராது. பல பள்ளிகள் முன்பணத்தையும் திருப்பித் தர மாட்டாங்க. அதனால ரீஃபண்ட் விதியை முதலில் படிங்க. "விசா கிடைக்கலைன்னா எவ்வளவு திரும்ப வரும்?"னு கேட்டு வாங்கி வைங்க. விசா கைக்கு வந்த பிறகுதான் டிக்கெட்.

விசா வகையிலும் ஒரு விஷயம். பட்டத்துக்குக் கணக்கில் சேராத, பொழுதுபோக்கான குறுகிய கோர்ஸை அமெரிக்காவின் பி-2 விசிட்டர் விசாவிலேயே செய்யலாம். பிரிட்டன் விசிட்டர் விசாவில் 30 நாள் வரை பொழுதுபோக்குக் கோர்ஸ் செய்யலாம். "இதுக்கு ஸ்டூடன்ட் விசா எடுக்கணும், தனி சார்ஜ்"னு எந்த ஏஜென்டாவது சொன்னா உஷார்.

3. கடன் வாங்கினா என்ன ஆகும்?

3,70,000 ரூபாய் பர்சனல் லோன், 14 சதவீத வட்டி, 3 வருஷம். மாசத் தவணை சுமார் 12,650 ரூபாய். வட்டி மட்டும் சுமார் 85,000. தம்பி சம்பளத்தில் நூத்துக்கு நாற்பது ரூபாய் 36 மாசம் இதுக்கே போயிடும்.

அதே 12,650 ரூபாயை மாசாமாசம் 6.5 சதவீத ஆர்.டி.யில் போட்டா, 28 மாசத்தில் மொத்தச் செலவும் கையில் இருக்கும். கடனைக் கட்டி முடிக்கிறதைவிட எட்டு மாசம் முன்னாடியே. இடையில் மனசு மாறினாலோ, வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ, பணம் உங்ககிட்டயே இருக்கும்.

நகைக் கடனில் வட்டி பொதுவா பர்சனல் லோனைவிடக் கம்மிதான். ஆனா வட்டி ஓடிக்கிட்டே இருந்து, தவணை தேதி தாண்டினா, நகை ஏலத்துக்குப் போகும். அம்மாவோட நகை அந்த வீட்டுக்கு அவசரகால நிதி. நாளைக்கே யார்டில் வேலை இல்லைன்னு சொல்லிட்டா, அந்தக் குடும்பம் நிக்கப்போறது அந்த நகை மேலதான். வருமானம் நிச்சயமா வரும்னு தெரிஞ்ச படிப்புக்கு நகை வைக்கிறது ஒரு கணக்கு. கலந்துகொண்டார் சான்றிதழுக்கு வைக்கிறது வேற கணக்கு.

4. டிசிஎஸ்: எங்க வாங்கறோம் என்பதைப் பொறுத்து

பணத்தை நீங்களே வங்கி மூலமா நேரடியா அந்தப் பள்ளிக்கு அனுப்பினா, அது எல்.ஆர்.எஸ். கணக்கில் வரும். 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை இதற்கு டிசிஎஸ் இல்லை. அதனால தம்பிக்குக் கவலை இல்லை.

ஆனா இங்குள்ள ஏஜென்ட்டிடம் டிக்கெட், தங்குமிடம் எல்லாம் சேர்த்து வெளிநாட்டு டூர் பேக்கேஜா வாங்கினா, முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் பிடிப்பாங்க. 2025-26 நிதியாண்டில் 10 லட்சம் வரை அது 5 சதவீதம். 2026 பட்ஜெட்டில் இதை 2 சதவீதமாகக் குறைப்பதா அறிவிச்சாங்க. கட்டும் தேதியில் என்ன விகிதம்னு ஒரு தடவை பார்த்துக்குங்க.

டிசிஎஸ் நஷ்டம் கிடையாது. உங்க பான் கணக்கில் வரவா நிக்கும். ரிட்டர்ன் போட்டா திரும்ப வரும். சம்பளக்காரங்க கம்பெனியில் விவரம் கொடுத்தா, பிடிக்கிற டிடிஎஸ்ஸில் கழிச்சுக்கலாம். வரி கட்டற அளவுக்கு வருமானம் இல்லைன்னு ரிட்டர்னே போடாம விட்டா மட்டும்தான் பணம் போச்சு.

ஏஜென்ட் வழியா வாங்கறதில் ஒரு நல்லதும் இருக்கு. பிரச்சினைன்னா நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நம்ம பகுதிக்குச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையமே இருக்கு. கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா புகாருக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 உதவி எண்ணில் பேசலாம். வெளிநாட்டுப் பள்ளிக்கு நேரா பணம் அனுப்பினா, அங்கிருந்து ரீஃபண்ட் வாங்கறது நடைமுறையில் கஷ்டம். அதனால ஏஜென்ட்டிடம் ஜிஎஸ்டி பில் கேளுங்க. பில் கொடுக்காதவரிடம் பணம் கொடுக்காதீங்க.

5. உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள்

2018 மார்ச் 11-ஐ மறந்திருக்க மாட்டீங்க. தேனி மாவட்டம் குரங்கணி. சென்னையிலிருந்தும் கொங்குப் பகுதியிலிருந்தும் மலையேற்றத்துக்குப் போனவங்க, கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் காட்டுத்தீயில் சிக்கினாங்க. இருபதுக்கும் மேற்பட்டவங்க இறந்துபோனாங்க. பெரும்பாலும் நம்மள மாதிரி வேலைக்குப் போய், லீவு நாளில் காட்டைப் பார்க்க ஆசைப்பட்ட இளைஞர்கள்.

பணக் கணக்கு எழுதற இடத்தில் இதை ஏன் சொல்றேன்? இரண்டு கோர்ஸில் ஒண்ணு விலை கம்மியா இருந்தா, எதைக் குறைச்சு அந்த விலை வந்ததுன்னு பார்க்கணும். பெரும்பாலும் குறையறது பயிற்சியாளர் எண்ணிக்கையும் மீட்பு ஏற்பாடும்தான். சேர்றதுக்கு முன்னாடி இந்த ஐந்தையும் கேளுங்க:

- ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர்? ஒருத்தருக்கு அடிபட்டா மற்றவங்களை யார் பார்ப்பாங்க?
- பயிற்சியாளருக்குக் காட்டு முதலுதவிச் சான்றிதழ் இருக்கா, அது எப்போ காலாவதி ஆகும்? 'வில்டர்னெஸ் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்' என்பது வழக்கமா 70–80 மணி நேரப் பயிற்சி. இரண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும்.
- செல்போன் சிக்னல் இல்லாத இடத்தில் தகவல் எப்படிப் போகும்? சாட்டிலைட் போன் இருக்கா?
- பக்கத்து ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்? யார் கூட்டிட்டுப் போவாங்க, அந்தச் செலவு யாருடையது?
- வானிலையோ தீயோ மோசமானா கோர்ஸை நிறுத்துவாங்களா? நிறுத்தினா பணம்?

நல்ல பள்ளி இதுக்கெல்லாம் கோபப்படாது. தெளிவா எழுதி அனுப்பும். "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் ப்ரோ"ன்னு பதில் வந்தா அந்த இடம் வேண்டாம்.

கையெழுத்துக்கு ஒரு பொறுப்புத் துறப்புப் பத்திரம் அனுப்புவாங்க. "என்ன நடந்தாலும் பள்ளி பொறுப்பில்லை" என்பதுதான் அதன் சாரம். அதனால இன்சூரன்ஸ் முழுக்க உங்க பொறுப்பு. டிராவல் பாலிசியில் 'சாகச விளையாட்டு' விலக்குன்னு ஒரு வரி இருக்கும். அது இருந்தா கோர்ஸில் அடிபட்டதுக்கு கிளெய்ம் நிக்காம போகலாம். சாகச நடவடிக்கை சேர்ந்த பாலிசியாவோ, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்த்தோ எடுங்க. அவசர மீட்பு, ஹெலிகாப்டர் செலவு வருமா, எத்தனை டாலர் வரைன்னு பாருங்க. உங்க கோர்ஸ் பேரைச் சொல்லி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டுப் பதிலை வச்சுக்குங்க. இங்க இருக்கிற சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசிகள் பொதுவா வெளிநாட்டில் வேலை செய்யாது.

6. அங்க படிச்சது இங்க செல்லுமா?

பாலைவனத்தில் கத்துக்கிட்ட தண்ணீர் தேடும் வித்தை, அட்டைப்பூச்சியும் மழையும் நிறைந்த மேற்குத் தொடர்ச்சி மலையில் எவ்வளவு உதவும்? முதலுதவியும் திசை அறிவும் எங்கேயும் உதவும். மற்றது நிலத்துக்கு நிலம் மாறும்.

சட்டமும் இருக்கு. வெளிநாட்டுக் கோர்ஸ்களில் கண்ணி வைக்கிறது, நெருப்பு மூட்டறது முக்கியப் பாடம். இங்க 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டில் முயல் பிடிச்சாலும் வழக்கு. காப்புக்காட்டில் தீ மூட்டறது 1882 தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். அனுமதி இல்லாம காப்புக்காட்டுக்குள்ள ஆட்களைக் கூட்டிட்டுப் போறதும் குற்றம்தான். கத்துக்கிட்டதை வச்சு கேம்ப் நடத்தலாம்னு நினைக்கிறவங்க இந்த மூணையும் தெரிஞ்சுக்கணும்.

காட்டறிவுன்னா வெளிநாட்டிலிருந்துதான் வரணும்னு இல்லை. 2017-ல் ஃப்ளோரிடாவில் பர்மிய மலைப்பாம்பு பெருகி அமெரிக்கர்கள் திணறினப்போ, அவங்க அழைச்சது நம்ம செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் இருவரை: மாசி சடையன், வடிவேல் கோபால். இரண்டு வாரத்துக்குள்ள 13 பாம்புகளைக் கண்டுபிடிச்சாங்க. 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது.

7. அந்தப் பணத்துக்கு இங்க என்ன கிடைக்கும்?

பயிற்சியாளர் ஆகணும்னா: உத்தரகாசியில் 1965-லிருந்து இயங்கும் நேரு மலையேற்ற நிறுவனம், டார்ஜிலிங்கில் 1954-ல் ஆரம்பிச்ச இமாலய மலையேற்ற நிறுவனம், மணாலியில் இருக்கும் அடல் பிஹாரி வாஜ்பாய் நிறுவனம். மூணுமே அரசு நடத்துறவை. அடிப்படைக் கோர்ஸே ஏறக்குறைய நாலு வாரம். அதில் 'ஏ' கிரேடு வாங்கினாத்தான் அடுத்த நிலைக் கோர்ஸ். அதுக்கும் மேல, மற்றவங்களுக்குச் சொல்லித்தரும் முறைக்குன்னே தனிக் கோர்ஸ் இருக்கு. இதுதான் இந்தியாவில் மதிக்கப்படும் பாதை. அரசு மானியம் இருப்பதால வெளிநாட்டு ஒரு வாரத்துக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் ஆகும். இடங்கள் சீக்கிரம் நிரம்பிடும். மாசக்கணக்கில் முன்னாடியே பதிவு பண்ணணும்.

காடு எனக்கு ஒத்துவருமான்னு பார்க்கணும்னா: 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கிச்சு. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு. உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவாங்க. கடினமான பாதை ஒண்ணை முடிச்சுப் பாருங்க. அதுக்கப்புறமும் ஆசை குறையலைன்னா மேற்கொண்டு யோசிக்கலாம்.

சம்பளம் தரும் சர்வைவல் சான்றிதழ் வேணும்னா: இது நம்ம துறைமுகப் பகுதிக்காரங்களுக்கு. 1941-ல் வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் 'அவுட்வர்ட் பவுண்ட்' என்ற பள்ளியைக் கல்வியாளர் குர்ட் ஹானும் கப்பல் கம்பெனி உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் சேர்ந்து ஆரம்பிச்சாங்க. போரில் மூழ்கின கப்பல்களிலிருந்து உயிர் பிழைக்க இளம் மாலுமிகளைத் தயார்படுத்தறது அதன் ஒரு நோக்கம். இன்னிக்கு உலகம் முழுக்க நடக்கும் வெளிப்புறப் பயிற்சிகளுக்கு அது ஒரு முன்னோடி. சிங்கப்பூரில் 1967-லிருந்து அதன் கிளை இருக்கு.

அந்த மாலுமிப் பயிற்சியோட இன்னிய வடிவம் எஸ்.டி.சி.டபிள்யூ. அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி. லைஃப் ஜாக்கெட்டோட தண்ணியில் குதிக்கணும். கவிழ்ந்த லைஃப்ராஃப்ட்டை நிமிர்த்தணும். தீயணைப்பு, முதலுதவி எல்லாம் உண்டு. கப்பலில் ஏற இது கட்டாயம், உலகம் முழுக்கச் செல்லும். ஆனா இது இருந்தா மட்டும் வேலை கிடைச்சிடாது. கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தோட இணையதளத்தில் இருக்கும் பட்டியலில் அந்த நிறுவனம் இருக்கான்னு பார்த்துட்டுச் சேருங்க. வேலைக்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் உள்ள நிறுவனம் வழியா மட்டும் போங்க. வேலை வாங்கித் தர்றதுக்கு மாலுமியிடம் பணம் வாங்கவே கூடாது என்பது விதி. "ரெண்டு லட்சம் கொடு, கப்பல் ரெடி"ன்னு சொல்றவர் ஏமாத்துறார்.

8. கடைசியா, வரிசை இதுதான்

1. அனுபவமா, திறமையா, சான்றிதழான்னு ஒரு பேப்பரில் எழுதுங்க.
2. கட்டணத்தை இரண்டரை அல்லது மூணால் பெருக்குங்க. அமெரிக்கா மாதிரி தூர நாட்டுக்கு அதுதான் உண்மையான விலைக்குப் பக்கம்.
3. ஆறு மாசச் செலவுக்கு அவசரகால நிதி தனியா இருக்கா? இல்லைன்னா முதலில் அது.
4. இங்க ஒரு மலைப்பாதை, முடிஞ்சா ஒரு முதலுதவிப் பயிற்சி.
5. தனி ஆர்.டி. தொகை சேரும் வரை கடன் வேண்டாம், நகை வேண்டவே வேண்டாம்.
6. பள்ளிக்கு ஐந்து கேள்வி, இன்சூரன்ஸுக்கு ஒரு மெயில். பிறகு விசா. கடைசியா டிக்கெட்.

தம்பிக்கு என் பதில்: பயிற்சியாளர் ஆகறதுதான் ஆசைன்னா உத்தரகாசி, டார்ஜிலிங் அல்லது மணாலிக்கு விண்ணப்பம் போடுங்க. அமெரிக்கா போய்ப் பார்க்கறதுதான் ஆசைன்னா இந்த மாசமே ஆர்.டி. ஆரம்பிங்க, 28 மாசத்தில் கிளம்பலாம். அப்பவும் உங்களுக்கு 30 வயசு ஆகியிருக்காது.

உங்க வீட்டில் யாராவது இந்த மாதிரிக் கோர்ஸுக்குப் பணம் கட்டற யோசனையில் இருந்தா, இந்தப் பதிவை அனுப்பி வைங்க. 2-வது பகுதியில் இருக்கும் பட்டியலை அவங்களோட உட்கார்ந்து உங்க தொகையை வச்சுப் போட்டுப் பாருங்க. அடுத்த வீடியோவில் நகைக் கடன் ஏலம் எப்படி நடக்குது, அதைத் தவிர்க்க என்ன செய்யணும்னு விரிவாப் பார்ப்போம்.